பந்தியில் எழுந்த கேள்வி

கிறிஸ்தவத்தில் கிருபை என்பது, மனிதர் சம்பாதிக்காமலே கடவுள் தாமாக முன்வந்து காட்டும் தயவு. தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் இதைக் 'கிருபை' என்கிறார்கள். கத்தோலிக்கரின் இன்றைய திருவிவிலியம் 'அருள்' என்கிறது. பழைய கத்தோலிக்க மன்றாட்டுகளில் 'பிரியதத்தம்' என்று இன்னொரு சொல் இருந்தது. பிரியத்தினால் தத்தம் செய்தது என்று பிரித்துப் பார்த்தாலே பொருள் விளங்கிவிடும். மூன்றில் அதுதான் மூலத்துக்கு மிக அருகில் நிற்கிறது. அது வழக்கொழிந்தது நஷ்டமே. மூலம் என்பது புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'காரிஸ்'. கொடுப்பவரின் தயவு, கொடுக்கப்படும் பரிசு, வாங்கியவரின் நன்றி ஆகிய மூன்றுக்கும் கிரேக்கர் அந்த ஒரே சொல்லைப் புழங்கினார்கள்.

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "கர்த்தருடைய கிருபையால் நல்லா இருக்கோம்" என்ற பதில் தென்மாவட்டக் கிறிஸ்தவ வீடுகளில் மூச்சு விடுவதுபோல வரும். வாய்ப்பழக்கமாகிவிட்ட அந்தப் பதிலுக்குள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வழக்கு ஒன்று இருக்கிறது. கடவுள் ஒருவரை ஏற்றுக்கொள்வது, அவர் மதவிதிகளைக் கைக்கொண்டதற்காகவா? அல்லது கடவுள் முதலில் ஏற்றுக்கொள்கிறார், அதன் பிறகுதான் அந்த மனிதரின் நடத்தை மாறுகிறதா? இரண்டு தரப்பிலும் விதி உண்டு, இரண்டு தரப்பிலும் தயவும் உண்டு. எது முந்தியது, எது பிந்தியது என்ற வரிசையில்தான் சண்டை.

சண்டை முதலில் வெடித்த இடம் ஒரு சாப்பாட்டுப் பந்தி. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி. ஊர், சிரியாவின் அந்தியோக்கியா. இன்று அது துருக்கியின் தென்கோடியில் அந்தாக்கியா என்ற பெயரில் இருக்கிறது. அன்றைய ரோமப் பேரரசில் ரோமுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அடுத்த பெரிய நகரம் அது. 'கிறிஸ்தவர்' என்ற பெயரே அங்கேதான் முதலில் வழங்கியது என்று அப்போஸ்தலர் நடபடிகள் நூல் சொல்கிறது. யூதராகப் பிறந்து இயேசுவை ஏற்றவர்களும், யூதர் அல்லாதவர்களாக இருந்து வந்தவர்களும் அந்தச் சபையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யூத உணவு விதிகளின்படி வளர்ந்த ஒருவருக்கு இது சாதாரண விஷயமாக இருந்திருக்காது. இயேசுவின் தலைமைச் சீடரான பேதுருவும் அங்கே வந்தபோது அந்தப் பந்தியில் கலந்துகொண்டார்.

பிறகு எருசலேமிலிருந்து, அங்குள்ள சபைத் தலைவர் யாக்கோபின் பக்கத்தைச் சேர்ந்த சிலர் வந்தார்கள். பேதுரு மெல்ல விலகத் தொடங்கினார். அவரைப் பார்த்து மற்ற யூதக் கிறிஸ்தவர்களும் விலகினார்கள். யூதரல்லாதவர்களிடம் இத்தனை காலம் ஊழியம் செய்த பர்னபாவும் விலகினார். பேதுரு தப்பாக ஒரு வார்த்தை பேசியதாகப் பதிவில்லை. இடத்தை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். பந்தியில் ஒருவர் எழுந்து போவது எவ்வளவு பெரிய பேச்சு என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் விருத்தசேதனம் செய்துகொண்டு எங்கள் உணவு விதிகளுக்குள் வந்தால்தான் முழு உறவு என்று அந்த விலகல் சொன்னது. பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேராகக் கண்டித்தார். இதை அவரே கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் சொல்கிறார்.

கண்டித்தவர் யார் என்பது முக்கியம். பவுல் தர்சு நகரத்து யூதர், பென்யமீன் கோத்திரத்தார், விதிகளைக் கறாராகக் கைக்கொண்ட பரிசேயர் பிரிவினர், கமாலியேல் என்ற பெயர்பெற்ற ஆசிரியரிடம் படித்தவர். இளம் சபையை வேரறுக்கப் புறப்பட்டு, தமஸ்குவுக்குப் போகும் வழியில் மனம் திரும்பியவர். விதிகளைக் கடைப்பிடிக்க முடியாமல் தோற்று வந்த மனிதராக அவர் தம்மைக் காட்டிக்கொள்வதே இல்லை. விதியைப் பொறுத்தவரை தம்மேல் குறை சொல்ல இடமில்லை என்றுதான் பிலிப்பியர் கடிதத்தில் எழுதுகிறார். குற்றவுணர்வில் துடித்துக் கிருபையைக் கண்டடைந்த பவுல் என்ற சித்திரம், பிற்கால ஐரோப்பியர் தங்கள் மனச்சாட்சியை அவர்மேல் ஏற்றிப் பார்த்ததால் வந்தது என்று சுவீடன் நாட்டு அறிஞர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1963இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் வாதிட்டார். அந்த வாதத்தில் நியாயம் நிறைய இருக்கிறது.

யூதரின் நியாயப்பிரமாணத்தையும் இங்கே சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். யூத ஆசிரியர்களான ரபீக்களின் கணக்குப்படி, தோரா எனப்படும் அந்தப் பிரமாணத்தில் 613 கட்டளைகள். செய் என்பவை 248, செய்யாதே என்பவை 365. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம். ஓய்வுநாளில் செய்யக்கூடாத வேலைகளை மட்டும் மிஷ்னா நூல் 39 வகையாகப் பிரிக்கிறது. கிறிஸ்தவப் பிரசங்க மேடைகளில் இதையெல்லாம் தாங்க முடியாத சுமையாகச் சித்திரிப்பது வழக்கம். சுமக்கிறவர்கள் அப்படி நினைத்ததில்லை. ஆண்டுதோறும் சிம்காத் தோரா விழாவில் யூதர்கள் தோராச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள். வெறும் சுமையை யாரும் தோளில் ஏற்றி ஆடமாட்டார்கள். பத்துக் கட்டளைகள் தொடங்கும் இடமும் கவனிக்கத்தக்கது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து உங்களை மீட்டு வந்தவர் நான் என்று கடவுள் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்; அதற்குப் பிறகே முதல் கட்டளை. மீட்பு முந்தி, விதி பிந்தி. இ.பி. சாண்டர்ஸ் 1977இல் வெளியிட்ட ஆய்வு நூல், பவுல் காலத்து யூத மதமும் கடவுளின் தெரிந்தெடுப்பில் தொடங்கிய மதம்தான், கட்டளைகள் அந்த உறவுக்குள் வாழ்வதற்கான வழி என்று காட்டிய பிறகு, 'யூதம் என்றால் விதி, கிறிஸ்தவம் என்றால் கிருபை' என்ற பழைய பாகப்பிரிவினை நிற்கவில்லை.

அப்படியானால் பவுலின் வழக்குத்தான் என்ன? ஒரு ஜனத்துக்கு அடையாளமாகவும் வாழ்க்கைமுறையாகவும் இருந்த விதிகளை, இன்னொரு ஜனம் உள்ளே வருவதற்கான நுழைவுச்சீட்டாக மாற்றுவதை அவர் எதிர்த்தார். இதற்காக எருசலேமில் கூடிய ஆலோசனைக் கூட்டம் நடபடிகளின் 15ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. யூதரல்லாதவருக்கு விருத்தசேதனம் தேவையில்லை என்று அங்கே முடிவானது. சிலைகளுக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொன்ற பிராணியின் இறைச்சி, பாலியல் ஒழுக்கக்கேடு ஆகிய நான்கை மட்டும் விலக்கச் சொன்னார்கள்.

முடிவு ஆனதே தவிரப் பேச்சு ஓயவில்லை. இன்றைய துருக்கியின் நடுப்பகுதியான கலாத்தியாவில் பவுல் தொடங்கிய சபைகளுக்கு வேறு போதகர்கள் போனார்கள். இயேசுவை நம்பியது சரி, விருத்தசேதனமும் செய்துகொண்டால்தான் முழுமை என்றார்கள். பவுல் எழுதிய பதில்தான் கலாத்தியர் கடிதம். அவர் வழக்கமாகக் கடிதத்தைத் தொடங்கியதும் பெறுபவர்களுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வார். இதில் நன்றி இல்லை. வாழ்த்து முடிந்த கையோடு அதட்டல். முடிவில், இதோ என் கையாலேயே எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதுகிறேன் பாருங்கள் என்கிறார். கோபத்தில் எழுதிய கடிதங்கள் பெரும்பாலும் கிழித்துப் போடப்படும். இது வேதமாகிவிட்டது.

கோபத்துக்கு நடுவிலும் வாதம் கறாரானது. அவர் எதிராளிகளின் சாட்சியையே கூண்டில் ஏற்றுகிறார்: ஆபிரகாம். விருத்தசேதனம் ஆபிரகாமிலிருந்து தொடங்கியது என்பதே அவர்களின் பிடி. பவுல் பக்கங்களை எண்ணுகிறார். ஆபிரகாம் கடவுளை நம்பினார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று ஆதியாகமம் சொல்வது 15ஆம் அதிகாரத்தில். விருத்தசேதனம் வருவது 17ஆம் அதிகாரத்தில், அவருக்கு 99 வயதாகும்போது. சீனாய் மலையில் நியாயப்பிரமாணம் வந்ததோ, வாக்குத்தத்தத்துக்கு 430 ஆண்டு கழித்து. முன்னால் எழுதிப் பதிவான பத்திரத்தைப் பின்னால் வந்த ஒன்று ரத்துசெய்ய முடியாது என்பது அவர் வாதம். வக்கீல் மூளை. விருத்தசேதனத்துக்கு முந்திய அதிகாரம் என்ற விவரம் ரோமர் கடிதத்தில் இன்னும் விரிவாக வருகிறது. 430 ஆண்டுக் கணக்கு கலாத்தியரில்.

அப்படியென்றால் விதி எதற்கு வந்தது? அதற்கு அவர் தரும் உவமை அன்றைய வசதியான வீடுகளிலிருந்து எடுத்தது. கிரேக்க வீடுகளில் 'பைதகோகோஸ்' என்று ஓர் அடிமை இருப்பார். பாடம் சொல்வது அவர் வேலையில்லை. பையனைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப்போவது, வழியில் வம்புதும்பில் மாட்டாமல் பார்த்துக்கொள்வது, சேட்டை செய்தால் அதட்டுவது, திரும்ப வீடு சேர்ப்பது அவர் பொறுப்பு. பையன் வயதுக்கு வரும்வரை அந்தப் பிடி தேவை. வயதுக்கு வந்து, வீட்டின் வாரிசாகச் சொத்தைப் பெற்ற பிறகும் அதே ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தால் பார்க்க எப்படி இருக்கும்? நியாயப்பிரமாணம் அந்த அடிமையைப் போன்றது என்கிறார் பவுல். அதைக் கெட்டது என்று அவர் சொல்லவில்லை. அதன் வேளை முடிந்தது என்கிறார்.

விதிமேல் அவருக்குப் பகை இல்லை என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். தீத்து என்ற கிரேக்கருக்கு விருத்தசேதனம் செய்தே ஆக வேண்டும் என்று சிலர் வற்புறுத்தியபோது அவர் ஒரு நிமிஷம்கூட இணங்கவில்லை. தீமோத்தேயுவுக்கு, தாய் யூதப் பெண் என்பதால், தாமே முன்னின்று செய்வித்தார். மீட்புக்கு நிபந்தனையாக வந்தால் மறுப்பு. ஊழியத்துக்கு வசதியாக வந்தால் ஆட்சேபம் இல்லை.

கிருபையின் கணக்கை இன்னும் கிட்டத்தில் பார்க்க, இயேசு சொன்ன ஓர் உவமைக்குப் போக வேண்டும். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் வருவது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் கூலியாட்கள் நிற்கும் இடத்துக்குப் போகிறார். ஒரு நாளைக்கு ஒரு தெனாரி என்று பேசிச் சிலரை அழைத்துவருகிறார். ஒன்பது மணிக்கு இன்னும் சிலர், நண்பகலில் சிலர், மூன்று மணிக்குச் சிலர். இவர்களுக்குக் கூலி பேசவில்லை. நியாயமானதைத் தருவேன் என்கிறார். வேலை முடிய ஒரு மணி நேரமே இருக்கும்போது, மாலை ஐந்து மணிக்கு மறுபடி போகிறார். அப்போதும் ஆட்கள் நிற்கிறார்கள். ஏன் நாள் முழுக்கச் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், யாரும் கூப்பிடவில்லை என்று பதில் வருகிறது. அதிகாலையில் ஊர்ச் சந்திப்பில் கொத்துவேலைக்கு நிற்பவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசிக் கும்பல் யாராக இருக்கும் என்று தெரியும். மேஸ்திரி முதலில் பொறுக்கிக்கொண்டு போவது உடம்பு வாகான ஆட்களை. மிஞ்சுபவர்கள் வயதானவர்களும் நோஞ்சான்களும். உவமை இதைச் சொல்லவில்லை, சொல்லாமலே தெரிகிறது.

பொழுது சாய்ந்ததும் கணக்கப்பிள்ளையை அழைத்து, கடைசியில் வந்தவர்களிலிருந்து கூலி கொடு என்கிறார் தோட்டக்காரர். ஒரு மணி நேரம் உழைத்தவர் கையில் ஒரு முழு தெனாரி. பார்த்துக்கொண்டிருந்த விடியற்காலை ஆட்களுக்கு நமக்கு இன்னும் அதிகம் என்ற நம்பிக்கை. அவர்கள் முறை வந்தது. அதே ஒரு தெனாரி. வெயிலில் வெந்தது நாங்கள், இவர்களோடு எங்களைச் சமமாக்கிவிட்டீரே என்று முணுமுணுக்கிறார்கள். பேசிய கூலி பேசியபடி கிடைத்ததா இல்லையா, என் பணத்தில் நான் தாராளமாக இருந்தால் உனக்கு ஏன் எரிகிறது என்று கேட்கிறார் தோட்டக்காரர். ஒரு தெனாரி என்பது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாடு. மணிக்கணக்கில் பிரித்துக் கொடுத்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். கடைசியில் வந்தவர் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. அநியாயம் யாருக்கும் நடக்கவில்லை என்றாலும் வாசிப்பவருக்கு மனம் ஒப்புவதில்லை. ஒப்பாமல் நெருடும்படிதான் கதை கட்டப்பட்டிருக்கிறது. கூலி கேட்பவருக்குக் கொடை எரிச்சலூட்டும்.

கொடை என்றால் எந்தக் கொடை என்ற கேள்வியும் உண்டு. பண்டைய ரோமச் சமூகத்தில் பரிசு என்பது ஏறக்குறைய நம் கல்யாண மொய் மாதிரி. கொடுத்தது நோட்டில் ஏறும். அவர்கள் வீட்டு விசேஷத்தில் திரும்பப் போக வேண்டும். குறைந்தால் பேச்சு வரும். தகுதியுள்ளவருக்குப் பார்த்துக் கொடு என்பது அந்தக் காலத்து அறிவுரை. பவுலின் சமகாலத்தவரான தத்துவவாதி செனேகா கொடைகளைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். ஜான் பார்க்ளே 2015இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பின்னணியில் பவுலைப் படித்தது. பவுலின் புதுமை, திரும்ப எதையும் எதிர்பாராத கொடை என்பதில் இல்லை; வாங்குபவரின் தகுதி பாராமல் வந்த கொடை என்பதில் இருக்கிறது என்பது அவர் முடிவு. குலம், ஒழுக்கம், படிப்பு எதையும் விசாரிக்காமல் மொய் வந்துவிட்டது. வந்த பிறகு வாங்கியவர் சும்மா இருக்க முடியாது. வாழ்க்கையே பதில் மொய்யாகிறது.

இங்கேதான் கிருபைக்கு எதிராக எப்போதும் எழும் ஆட்சேபம் வருகிறது. எல்லாம் இலவசம் என்றால் யார் ஒழுங்காக இருப்பார்கள்? பாவம் செய்யச் செய்யக் கிருபை பெருகும் என்றால் செய்துகொண்டே இருக்கலாமே என்ற குதர்க்கத்தைப் பவுலே ரோமர் 6ஆம் அதிகாரத்தில் எடுத்துவைத்து மறுக்கிறார். கலாத்தியர் கடிதமும் கடைசி இரண்டு அதிகாரங்களில் விடுதலையைச் சுயநலத்துக்கு வாய்ப்பாக்காதீர்கள் என்று திரும்புகிறது. அன்பு, மகிழ்ச்சி, அமைதி, பொறுமை என்று ஒன்பது குணங்களை அவர் அடுக்குகிறார்; அவற்றை 'வேலை' என்னாமல் ஆவியின் 'கனி' என்கிறார். கிளையைக் கட்டளையிட்டுக் காய்க்கவைக்க முடியாது. யாக்கோபின் பெயரிலுள்ள கடிதமோ செயலற்ற விசுவாசம் செத்தது என்று நேரடியாகவே சொல்கிறது. இரண்டு கடிதங்களும் ஒரே புதிய ஏற்பாட்டுக்குள் சேர்ந்து இருப்பது திருச்சபைக்குத் தலைவலியும் மருந்துமாக இருந்துவருகிறது.

ஐந்தாம் நூற்றாண்டில் சண்டை மறுபடி மூண்டது. ஒரு பக்கம் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீனார். 354இல் இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தாகாஸ்தே என்ற ஊரில் பிறந்தவர். இளமையில் பசியே இல்லாமல், திருடும் சுகத்துக்காக மட்டும் நண்பர்களோடு பேரிக்காய் திருடியதை 'அறிக்கைகள்' நூலில் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். மனித விருப்பமே கோணலாகிக் கிடக்கிறது, அதைக் கிருபைதான் நிமிர்த்த முடியும் என்பது அவர் அனுபவம். மறுபக்கம் பெலாஜியஸ்; பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த துறவி. கடவுளே, நீர் கட்டளையிடுவதைச் செய்யும் திறனையும் நீரே தாரும் என்ற பொருளில் அகுஸ்தீனார் செய்த ஜெபம் அவரைக் கொதிப்படையச் செய்தது. முடியாததைக் கடவுள் கட்டளையிடுவாரா, இது சோம்பேறிக்குச் சாக்கு ஆகாதா என்று கேட்டார். கேள்வி மோசமானது இல்லை. ஆனாலும் 418இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர் பேரவை பெலாஜியஸின் போதனையைக் கண்டித்தது.

இதே வடிவத்தில் ஒரு விவாதம் தமிழ் வைணவத்திலும் நடந்திருக்கிறது. குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்வதுபோல ஆன்மாவின் பங்கும் வேண்டும் என்பது வடகலை. பூனைக்குட்டியைத் தாய் கவ்வித் தூக்கிப்போவதுபோல எல்லாம் பகவானின் செயல் என்பது தென்கலை. ஜெர்மன் அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ இந்தியாவின் அருள் மதத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு 1930இல் தனி நூலே வெளியிட்டார். பிடித்துக்கொள்ள வேண்டுமா, விட்டுக்கொடுத்தால் போதுமா என்ற கேள்வி ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமில்லை.

அடுத்த பெரிய திருப்பம் மார்ட்டின் லூதர். 1505 ஜூலையில் இடி மின்னலில் மாட்டி, உயிர் பிழைத்தால் துறவியாவேன் என்று புனித அன்னம்மாளிடம் நேர்ந்துகொண்ட சட்ட மாணவர். எர்ஃபர்ட் நகரின் அகுஸ்தீனார் சபை மடத்தில் சேர்ந்தார். விதிகளை அவர் அளவுக்குக் கைக்கொண்டவர்கள் குறைவு. உபவாசம், இரவு விழிப்பு, பாவசங்கீர்த்தனம். மணிக்கணக்கில் பாவங்களைச் சொல்லி முடித்து எழுந்து போவார்; ஏதோ விட்டுப்போனது நினைவு வந்து திரும்பி வருவார். அவருடைய மேலாளரும் ஆன்ம குருவுமான ஸ்டாவ்பிட்ஸ் அலுத்துப்போனார். சொன்ன பாவங்கள் மன்னிக்கப்படும் சரி, சொல்ல மறந்தவை? மறந்ததும் தெரியாமல் மறந்தவை? விதியின் வழியில் 'போதும்' என்ற இடமே இல்லை என்பதுதான் அவரை வாட்டியது. விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ரோமர், கலாத்தியர் கடிதங்களைப் பாடம் நடத்திய காலத்தில், 'கடவுளின் நீதி' என்பது கடவுள் மனிதனிடம் கேட்கும் நீதியாக இல்லாமல் மனிதனுக்குத் தரும் நீதியாக அவருக்கு விளங்கியது. கலாத்தியர் கடிதத்தைத் தம் மனைவி காத்தரீனாவின் பெயரைச் சொல்லிக் கொஞ்சும் அளவுக்கு அது அவருக்கு நெருக்கமானது.

1517 அக்டோபர் 31இல் அவர் வெளியிட்ட 95 கருத்துரைகள் பாடப்புத்தகங்களில் 'பாவமன்னிப்புச் சீட்டு' என்று வரும் விவகாரத்தைப் பற்றியவை. திருச்சபையின் ஏட்டுப்படி அந்தச் சீட்டு பாவத்தை மன்னிப்பதில்லை. மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிச்சமிருக்கும் தண்டனையைக் குறைப்பது. டெட்செல் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் விற்றபோது இந்த நுணுக்கம் யாருக்கும் கேட்கவில்லை. வசூலில் ஒரு பாதி ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்ட. மறுபாதி, மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் பதவிக்காக ஃபுக்கர் வங்கியில் வாங்கிய கடனை அடைக்க. 1522இல் வந்த தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் ரோமர் 3ஆம் அதிகாரத்தில் மூலத்தில் இல்லாத 'மட்டுமே' என்ற சொல்லை லூதர் சேர்த்து, 'விசுவாசத்தினால் மட்டுமே' என்றாக்கினார். கண்டனம் வந்தபோது ஜெர்மன் மொழியின் போக்கு அது என்று சமாளித்தார். அந்த ஒரு சொல் ஐரோப்பாவைப் பிளந்தது.

கத்தோலிக்கத் தரப்பின் பதில் திரெந்து பொதுச்சங்கத்தில் 1547 ஜனவரியில் வந்தது. கிருபை இல்லாமல் யாரும் நீதிமானாக முடியாது என்பதில் அதற்கும் மறுப்பில்லை. பெலாஜியஸை இரு தரப்பும் ஒதுக்கின. கிருபை தொட்டெழுப்பிய மனித விருப்பம் அதற்கு இசைந்து ஒத்துழைக்கிறது, நற்செயல்களால் அந்த நீதி வளர்கிறது என்பது திரெந்து. ஒத்துழைப்பு என்ற சொல் வந்த உடனே கூலிக் கணக்கு பின்வாசல் வழியே நுழைந்துவிடும் என்பது லூதரின் மரபினர் பயம்.

அந்தப் பயம் சீர்திருத்தத் தரப்பிலும் உண்மையானது. 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்தில், ரோமர் கடிதத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டு, மெத்தடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி நெஞ்சம் கனிந்தார். ஐந்தே ஆண்டில், 1743இல், தம் சங்கங்களுக்கு 'பொது விதிகள்' அச்சிட்டார். தமிழகத்திலும் கேரளத்திலும் பல பெந்தெகொஸ்தே சபைகளில் கிருபையைப் பற்றிய பிரசங்கம் முழங்கும். கழுத்திலும் காதிலும் பொட்டுத் தங்கம் கூடாது, சினிமா கூடாது என்பதும் சேர்ந்தே வரும். ஞானஸ்நானத்துக்கு முன் கம்மலைக் கழற்றும் பெண்ணுக்கு அது விதியா, அன்பின் காணிக்கையா என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்லிவிட முடியாது. கழற்றாதவளைச் சபை எங்கே உட்காரவைக்கிறது என்பதில்தான் பவுலின் கேள்வி இருக்கிறது.

உட்காரும் இடம் என்றால் தமிழ்ச் சபைகளின் சரித்திரமும் கேள்விக்கு உள்ளாகும். சாதிவாரியாகத் தனித்தனி இருக்கை தரங்கம்பாடி, தஞ்சைச் சபைகளில் நெடுங்காலம் இருந்தது. 1820களில் இளம் மிஷனரிகள் இதை மாற்ற முனைந்தபோது, பெரும் கீர்த்தனைக் கவிஞரான வேதநாயகம் சாஸ்திரியாரே எதிர்த்து எழுதினார். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டார். தஞ்சையில் பலர் சபையைவிட்டே போனார்கள். கிருபையைப் பாடிய வாய்கள்தான் அவையும். அந்தியோக்கியாவில் பேதுரு எழுந்துபோன அதே பந்தி.

கிருபையை மலிவாக்கும் ஆபத்தும் மறுபக்கத்தில் இருந்துகொண்டே இருந்தது. 'அமேசிங் கிரேஸ்' என்று உலகறிந்த பாடலை 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதிய ஜான் நியூட்டன், 1748இல் கடற்புயலில் மனம் திரும்பியவர். அதன் பிறகும் 1754வரை அடிமைக் கப்பல்களில்தான் தொழில். அவற்றின் தலைவராகவே சென்றிருக்கிறார். அந்த வியாபாரத்தைக் கண்டித்து, தம் பங்கை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டு அவர் நூல் வெளியிட்டது 1788இல். நாற்பது ஆண்டு. லூத்தரன் போதகரான டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் எழுதிய சீடத்துவம் பற்றிய நூலில், மனம் திரும்புதல் கேளாமல் மன்னிப்பை வாரியிறைக்கும் தம் சபையின் போக்குக்கு 'மலிவான கிருபை' என்று பெயரிட்டார். நாஜி அரசோடு அந்தச் சபையில் பெரும்பகுதி ஒத்துப்போன காலம் அது. அவர் நடத்திய இறையியல் பள்ளியை அதே ஆண்டு கெஸ்டாப்போ மூடியது. 1945 ஏப்ரல் 9இல் ஃப்ளோசன்பர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

1999 அக்டோபர் 31இல், லூதரின் கருத்துரைகள் வெளிவந்த அதே தேதியில், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதன் தன் தகுதியால் இல்லாமல் கிருபையால் மட்டுமே கடவுளுக்கு ஏற்றவனாகிறான் என்பதை இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிட்டன. பதினாறாம் நூற்றாண்டில் ஒருவர்மேல் ஒருவர் போட்ட சாபத்தீர்ப்புகள் இந்தப் புரிதலுக்குப் பொருந்தா என்றும் ஏற்றுக்கொண்டன. 2006இல் மெத்தடிஸ்டுகள் சேர்ந்தார்கள். 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியம் விட்டன்பர்க்கிலேயே வந்து இணைந்தது. கொள்கையளவில் வழக்கு பெருமளவு முடிந்துவிட்டது. ஆனாலும் கையெழுத்திட்ட கத்தோலிக்கரும் லூத்தரன்களும் ஒரே நற்கருணைப் பந்தியில் சேர்ந்து உட்கார இன்றுவரை பொது அனுமதி இல்லை.